வந்தவர் ஊரார் ஆன கதை

சென்ற ஆனி மாதத்தில் என் மகளை நான்காம் வகுப்பில் சேர்ப்பதற்காகப் பள்ளியில் கொடுத்த படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அதில் ‘சொந்த ஊர்’ என்று ஒரு கட்டம். வழக்கம்போல ‘விருத்தாசலம்’ என்று எழுதினேன். தோளருகே நின்று எட்டிப் பார்த்த குழந்தை, “என் ஊர் நாகபுரிதானே, அப்பா? விருத்தாசலம் உங்கள் ஊர்” என்றாள். எனக்குச் சட்டென்று மறுமொழி கிடைக்கவில்லை. அவள் பிறந்தது இங்கே; பேசிப் பழகியது இங்கே; விருத்தாசலத்தை அவள் கண்டதெல்லாம் கோடை விடுமுறையில் பத்துப் பதினைந்து நாள். நம் சங்கத்துக் குடும்பங்களில் இந்தக் கேள்வியை எதிர்கொள்ளாத பெற்றோர் குறைவாகவே இருப்பார்கள் என்று எண்ணுகிறேன்.

அடியேன் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தர். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் இரவுப் பணியில் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே கிடைக்கும் ஓய்வில் சரித்திர நூல் எதையாவது புரட்டுவது பழக்கம். மகள் கேட்ட கேள்வி மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த நாட்களில், அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த குடியேற்றங்களின் வரலாறு கைக்கு அகப்பட்டது. சொந்த ஊர் எது என்ற கேள்விக்கு ஒரு ஜன சமூகம் முழுவதுமே விடை தேடித் தவித்த கதை அது. 1607 முதல் ஏறக்குறைய 150 ஆண்டுகள் அம்மக்கள் தங்களை ஆங்கிலேயர் என்றே கருதினர். அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டியே அறியாதவர்கள்கூட, பாட்டனின் பாட்டன் விட்டுவந்த இங்கிலாந்தை ‘வீடு’ என்றே பேச்சில் குறிப்பிட்டு வந்தனர். பின்பு அவர்களே “நாங்கள் அமெரிக்கர்” என்றார்கள். 1776-இல் பிரகடனம் செய்தார்கள் என்பது பாடப் புத்தகத்தில் உள்ள செய்தி. பிரகடனம் செய்வதற்கு முன்பே உள்ளத்தில் அந்த மாறுதல் நிகழ்ந்திருக்க வேண்டுமல்லவா? அது எப்போது, எவ்வாறு நிகழ்ந்தது?

நிலைத்து நின்ற முதற் குடியேற்றம் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன். 1607-இல் லண்டன் வர்த்தகர்களின் கம்பெனி ஒன்று நூற்றுச் சொச்சம் ஆண்களையும் சிறுவர்களையும் அனுப்பி வைத்தது. பொன் கிடைக்கும் என்று வந்தவர்களுக்குக் கிடைத்தது காய்ச்சலும் பட்டினியுமே. 1609-ஆம் ஆண்டுக் குளிர்காலம் தொடங்கியபோது சுமார் 500 பேர் இருந்தனர். வசந்தம் வந்தபோது எஞ்சியவர் ஏறக்குறைய 60 பேர். குதிரை, நாய், எலி என்று எதையும் விட்டு வைக்கவில்லை. அக்குடியேற்றத்தைக் காப்பாற்றியது பொன்னன்று, புகையிலை. ஜான் ரால்ஃப் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளின் விதையைக் கொண்டு பயிரிட்டுக் கண்ட வெற்றியினால், சில ஆண்டுகளில் தெருவோரங்களில்கூடப் புகையிலை பயிராயிற்று.

அதே ஜேம்ஸ்டவுனில் 1619 ஜூலை மாத இறுதியில் குடியேறிகளின் பிரதிநிதிகள் கூடிச் சட்டசபை நடத்தினர். அமெரிக்க ஜனநாயகத்தின் முதற் படி என்று அதனைப் போற்றுகிறார்கள். அடுத்த மாதமே இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்கள் ஒரு கப்பலில் கொண்டுவரப்பட்டு உணவுப் பண்டத்துக்கு மாற்றாக விற்கப்பட்டனர். ஒரே ஊரில், ஒரே கோடையில், இரண்டும். அமெரிக்க வரலாற்றில் எங்கே தொட்டாலும் இந்த இரட்டை முடிச்சு கையில் தட்டுப்படுகிறது.

நம்மைப் போன்றவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது 1620-இல் ‘மேஃபிளவர்’ கப்பலில் வந்து பிளிமத்தில் இறங்கிய 102 பேரின் கதை. அவர்களில் ஒரு பகுதியினர் இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபையோடு ஒத்துப்போக மனமில்லாமல் முதலில் சென்று தங்கியது ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில். அங்கே சுமார் 12 ஆண்டுகள் நெசவும் கூலி வேலையுமாகக் காலம் தள்ளினர். வழிபாட்டுக்குத் தடையில்லை, யாரும் துன்புறுத்தவில்லை. அப்படியிருந்தும் ஏன் புறப்பட்டார்கள்? வறுமையும், மீண்டும் போர் மூளும் என்ற அச்சமும் காரணங்கள்தாம். அவற்றோடு அவர்களே எழுதி வைத்துள்ள இன்னொரு காரணமும் உண்டு: பிள்ளைகள் டச்சுக்காரர் நடுவே வளர்ந்து, தாய்மொழியையும் ஆங்கிலேயர் என்ற பெயரையும் இழந்துவிடுவார்களோ என்ற கவலை. பிள்ளைகள் ஆங்கிலேயராகவே வளர வேண்டும் என்பதற்காகப் பெருங்கடலைத் தாண்டினார்கள். அந்தப் பிள்ளைகளின் வழித்தோன்றல்களோ ‘நாங்கள் ஆங்கிலேயரே அல்லர்’ என்று துப்பாக்கி எடுத்தார்கள். விதியின் விளையாட்டை எண்ணி நான் படித்த பக்கத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதற் குளிர்காலத்தில் அவர்களில் பாதிப்பேர் மாண்டனர். மீதிப்பேரை வாழ வைத்தவர்களுள் டிஸ்குவாண்டம் என்னும் செவ்விந்தியன் ஒருவன். 1614-இல் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவன் அவனைப் பிடித்துச் சென்று ஸ்பெயினில் விற்றுவிட்டான். அங்கிருந்து லண்டன் சேர்ந்து, ஆங்கிலம் கற்று, 1619-இல் ஒருவாறு ஊர் திரும்பினான். திரும்பியவனுக்கு ஊர் இல்லை. ஐரோப்பியரால் வந்த தொற்றுநோய் அவன் பிறந்த பட்டக்ஸெட் கிராமத்தை அடியோடு துடைத்துவிட்டிருந்தது. அந்த வெற்றுக் கிராமத்தின் மேல்தான் பிளிமத் எழுந்தது. தன் சுடுகாட்டில் வந்து குடியேறியவர்களுக்கு அவன் மக்காச்சோளம் விதைக்கவும், மீனை உரமாகப் புதைக்கவும் கற்றுக் கொடுத்தான்.

அக்காலத்து ஆங்கில ஏடுகளில் ‘அமெரிக்கர்’ என்ற சொல் இப்படிப்பட்ட பூர்வகுடிகளையே குறித்தது. குடியேறியவர்கள் தங்களுக்கு அப்பெயர் இடுவதைக் கௌரவமாகக் கருதியிருக்க மாட்டார்கள். அவர்கள் ஊர்களுக்கு இட்ட பெயர்களே மனத்தைக் காட்டிவிடுகின்றன. பாஸ்டன் என்பது இங்கிலாந்தின் லிங்கன்ஷையரிலுள்ள ஊர். பிளிமத், கேம்பிரிட்ஜ் ஆகியவையும் அங்கே விட்டுவந்தவையே. நாடு முழுவதற்கும் ‘புதிய இங்கிலாந்து’ என்று பெயர். டச்சுக்காரரின் ‘புதிய ஆம்ஸ்டர்டாம்’ 1664-இல் கைமாறியதும் ‘நியூயார்க்’ ஆயிற்று. ஆனால் மண்ணின் பெயர் மண்ணைவிட்டுப் போகுமா? மாசசூசெட்ஸ், கனெக்டிகட் இரண்டும் செவ்விந்தியச் சொற்களே. இங்கிலாந்தில் காணாத காய்க்கும் விலங்குக்கும் அவர்கள் சொல்லையே கடன் வாங்க நேர்ந்தது. ஸ்குவாஷ், ரக்கூன், மூஸ் என்பன அவ்வாறு ஆங்கிலத்தில் புகுந்தவை. கோதுமை ரொட்டி தின்ற வாய்க்குச் சோளக் கஞ்சி பழகிவிட்டது. வீட்டுக் குழந்தை தெருவில் கேட்ட சொல்லைத் தட்டோடு கொண்டுவந்து நடுவீட்டில் வைக்கும் விதத்தை நாம் அறியாதவர்களா?

அவர்கள் வாழ்க்கையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். புதிய இங்கிலாந்தில் ஊர் என்றால் நடுவில் வழிபாட்டுக் கூடம், சுற்றிலும் வீடுகள், அப்பால் வயல்கள். ஊர்க் காரியங்களை ஊர்க்கூட்டம் பேசித் தீர்க்கும். வேலி, பன்றி, பாதை முதலிய அற்ப விஷயங்களைப் பற்றித்தான் பெரும்பாலும் வாதம். ஆயினும் வாதாடும் பழக்கம் வந்துவிட்டது. தெற்கே வர்ஜீனியாவில் ஊர்களே அரிது. ஆற்றங்கரை தோறும் புகையிலைத் தோட்டங்கள், தோட்டத்துக்கொரு துறை, துறைக்கு நேரே லண்டனிலிருந்து கப்பல். கல்வியில் வடக்கு முந்திக்கொண்டது. 1636-இல் ஹார்வர்டு கல்லூரி. 1647-இல் மாசசூசெட்ஸ் இயற்றிய சட்டப்படி 50 குடும்பம் உள்ள ஒவ்வோர் ஊரும் எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்தியாக வேண்டும். காட்டை வெட்டிக் குடிசை போட்டு இருபது ஆண்டுகூட நிறையாதவர்கள் செய்த சட்டம் இது! அதற்காக அவர்களை மகான்கள் என்று கொண்டாடிவிட வேண்டாம். தம் மதத்துக்குச் சுதந்திரம் தேடி வந்த அவர்களே மாற்றுக் கருத்துச் சொன்ன ரோஜர் வில்லியம்ஸையும் ஆன் ஹட்சின்ஸன் என்ற பெண்மணியையும் நாடு கடத்தினார்கள். 1692-இல் சேலம் என்ற ஊரில் சூனியக்காரர் என்று பழி சுமத்தி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்த சேலத்துக்கும் நம் சேலத்துக்கும் பெயரில் மட்டுமே உறவு.

மெய்யான உறவு வேறு உண்டு. தரங்கம்பாடியில் தமிழ் அச்சுக்கூடம் நடத்திய சீகன்பால்குக்குப் பாஸ்டன் நகரத்துப் பாதிரியார் காட்டன் மாதர் கடிதம் எழுதினார். அந்தக் கடிதப் போக்குவரத்தை 1721-இல் பாஸ்டனிலேயே நூலாகவும் வெளியிட்டார். அதற்குள் சீகன்பால்கு மறைந்துவிட்டார் என்பது வருந்தத்தக்கது. அதே மாதரின் தூண்டுதலால், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்து பெருஞ்செல்வம் சேர்த்த எலிஹு யேல் 1718-இல் கனெக்டிகட் கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் நூல்களும் அனுப்பினார். சரக்கை விற்ற பணத்தில் கட்டடம் எழும்பியது. கல்லூரிக்கு யேல் என்ற பெயரும் நிலைத்தது. சென்னையில் அவர் செல்வம் சேர்த்த முறை பற்றி அக்காலத்திலேயே புகார்கள் இருந்தன. பார்சல் அலுவலகத்து ஆசாமியாகிய எனக்கு அந்த ஒன்பது மூட்டைகளின் மீது ஒரு தனிப் பிரியம்.

இனி, வந்தவர் அனைவரும் தம் விருப்பப்படி வந்தவர்தாமா என்றால், இல்லை. கப்பற் கூலி கொடுக்க வகையற்றவர்கள் நான்கு முதல் ஏழு ஆண்டுகள் அடிமைச் சீட்டுப் போன்ற ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து வந்தார்கள். புதிய இங்கிலாந்தை விலக்கிப் பார்த்தால், ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களில் பாதிப்பேருக்குக் குறையாமல் இவ்வகையினரே. 1750-இல் ஓர் இசைக் கருவியுடன் பிலடெல்பியாவுக்குக் கப்பலேறிய மிட்டல்பெர்கர் என்ற ஜெர்மானியர், ஊர் திரும்பியபின் தம் பிரயாணத்தை எழுதி வெளியிட்டார். புழுத்த உணவு, கறுத்த தண்ணீர், நோய், பிரசவத்தில் இறந்த தாய்மார்; கரை சேர்ந்தபின் கூலிக் கடனுக்காகப் பெற்றோரே பிள்ளைகளை ஏலத்தில் விட்டுப் பிரிந்த கொடுமை. அன்று பிரிந்தவர்கள் பல ஆண்டுகள், சில வேளை வாழ்நாள் முழுவதுமே, ஒருவரை ஒருவர் காணவில்லையாம்.

இந்த ஜெர்மானியர் பென்சில்வேனியாவில் பெருகப் பெருக, பெஞ்சமின் ஃபிராங்க்ளின் போன்ற அறிவாளிக்கே அச்சம் பிறந்தது. இவர்கள் நம் மொழியைக் கற்பதற்குப் பதிலாக நம்மையல்லவா ஜெர்மானியராக்கி விடுவார்கள் என்று 1751-இல் எழுதினார். ஆங்கிலேயனின் பேரன் ஜெர்மானியனின் மகனைப் பார்த்து ‘வந்தேறி’ என்கிறான்! இதில் வேடிக்கை, 1732-இல் ஜெர்மன் மொழிப் பத்திரிகை ஒன்றை முதன்முதலாகத் தொடங்கி நஷ்டப்பட்டவரும் இதே ஃபிராங்க்ளின்தான். அதன்பின் கிறிஸ்டோபர் சாவர் என்ற அச்சகத்தார் ஜெர்மன் பத்திரிகையை வெற்றியாக நடத்தியதோடு, 1743-இல் ஜெர்மன் பைபிளையும் அச்சிட்டார். ஐரோப்பிய மொழி ஒன்றில் அங்கே அச்சான முதல் பைபிள் ஆங்கிலப் பைபிளன்று, ஜெர்மன் பைபிளே. அவர்களின் வழிவந்தோரில் ஆமிஷ் முதலிய பிரிவினர் இன்றளவும் வீட்டில் ஜெர்மன் கிளைமொழி பேசுகிறார்கள். அதனால் அவர்கள் அமெரிக்கர் ஆகாமற் போகவில்லை.

ஒப்பந்தம் முடிந்தால் வெள்ளைக் கூலியாளுக்கு விடுதலை உண்டு. ஆப்பிரிக்கனுக்கு அந்த வாயிலும் அடைபட்டது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662-இல் சட்டம் செய்தது. ஆங்கிலேயச் சட்டத்தில் பிள்ளைக்குத் தந்தையின் நிலையே வழக்கம். தந்தை யாராயிருந்தாலும் பிள்ளை எஜமானின் உடைமையாகவே இருக்க வேண்டும் என்பதற்காகப் பழைய வழக்கத்தையே தலைகீழாகத் திருப்பினார்கள். சுதந்திரப் போருக்கு முன்னால் ஜனத்தொகை சுமார் 25 லட்சம். அதில் ஐந்தில் ஒரு பங்கினர் கறுப்பர். 1761-இல் ஏழெட்டு வயதுச் சிறுமியாகப் பாஸ்டன் துறையில் விற்கப்பட்ட பிலிஸ் வீட்லி, 1773-இல் லண்டனில் தன் கவிதை நூலை வெளியிடும் அளவுக்கு உயர்ந்தாள். அவளைக் கொண்டுவந்த கப்பலின் பெயரையே அவளுக்கு இட்டிருந்தார்கள். அவளுடைய சொந்த ஊரை எந்தப் படிவத்தில் எழுதுவது?

இவ்வளவு பேரும் ஒரு நாட்டார் என்ற உணர்ச்சி 1740 வரையிலும் ஏறக்குறைய இல்லை. பதின்மூன்று குடியேற்றங்களும் தனித்தனித் தீவுகள் போல இருந்தன. தென் கரோலினா வர்த்தகனுக்குப் பாஸ்டனைவிட லண்டனோடுதான் நெருக்கம். எல்லாத் தீவுகளிலும் ஒருசேரப் பெயர் அறியப்பட்ட முதல் மனிதர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு என்ற உபதேசியார். 1739 முதல் அவர் ஊர் ஊராகத் திறந்த வெளியில் பிரசங்கம் செய்தபோது ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடிற்று. பிலடெல்பியாவில் அவர் பேசுகையில் ஃபிராங்க்ளின் அக்குரல் எதுவரை கேட்கிறது என்று ஆற்றுப்பக்கமாகப் பின்னோக்கி நடந்து பார்த்து, முப்பதினாயிரம் பேருக்குக் கேட்கும் என்று கணக்கிட்டார். இன்னொரு முறை காசு கொடுப்பதில்லை என்ற உறுதியோடு போய் உட்கார்ந்தவர், பேச்சு வளர வளர முதலில் செப்புக் காசு, பின்பு வெள்ளி, கடைசியில் பையிலிருந்த பொன் முழுவதையும் தட்டில் கொட்டிவிட்டு வந்ததை அவரே எழுதியிருக்கிறார்.

ஆனால் என் சிற்றறிவுக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கரை ஒன்றாக்கியதில் பிரசங்கத்தைவிடத் தபாலுக்குப் பங்கு அதிகம். இது ரயில்வேக்காரனின் பட்சபாதம் என்று கொண்டாலும் சரியே. 1673-இல் நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு மாதம் ஒரு முறை குதிரைக்காரன் ஒருவன் தபாற்பையுடன் காட்டு வழியே புறப்பட்டான். பாதை தெரிய மரங்களில் அடையாளம் வெட்டிக்கொண்டே போனார்கள். 1704-இல் பாஸ்டன் தபால் அதிகாரி ஜான் கேம்பெல் ஒரு செய்தித்தாள் தொடங்கினார். செய்தி முதலில் வந்து சேரும் இடம் தபால் நிலையமாதலின் அதில் வியப்பில்லை. 1753-இல் ஃபிராங்க்ளின் குடியேற்றங்கள் அனைத்துக்கும் தபால் அதிபர்களில் ஒருவரானார். நிலையங்களைத் தாமே சுற்றிப் பார்த்தார், கணக்குகளை ஒழுங்கு செய்தார், பிலடெல்பியாவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே இரவிலும் தபால் ஓடச் செய்தார். அதுவரை குளிர்காலத்தில் பிலடெல்பியாவிலிருந்து வடக்கே இரு வாரத்துக்கு ஒரு முறைதான் தபால். பாஸ்டனுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வர ஆறு வாரம். வாரந்தோறும் அனுப்பியதும் அது மூன்று வாரமாயிற்று. கால அட்டவணையில் மூன்று வாரத்தைக் குறைப்பது என்றால் என்னவென்று எங்கள் இலாகாவில் இருப்பவர்களுக்குப் புரியும்! எல்லாப் பத்திரிகைகளையும் வேற்றுமையின்றித் தபாலில் எடுத்துச் செல்லவும் அவர் ஏற்பாடு செய்தார். ஓர் ஊர்ப் பத்திரிகை மற்றோர் ஊர்ச் செய்தியை எடுத்து அச்சிட்டது. அதனால் வர்ஜீனியாக்காரன் பாஸ்டன்காரனின் குறையைத் தன் ஊர்க் குறை போலப் படிக்கலானான்.

1754 மே மாதத்தில் அதே ஃபிராங்க்ளின் தம் பத்திரிகையில் எட்டுத் துண்டுகளாக வெட்டுண்ட பாம்பின் படத்தை வெளியிட்டார். சேருங்கள், இல்லையேல் மாளுங்கள் என்பது பொருள். பிரெஞ்சுக்காரரோடு போர் நெருங்கிய நேரம். ஆல்பனி நகரில் கூடி ஓர் ஐக்கியத் திட்டமும் வகுத்தார்கள். ஒரு குடியேற்றமும் அதை ஏற்கவில்லை. ஒற்றுமைக்கு இன்னும் ஒரு பொது விரோதி தேவையாயிருந்தான். 1763-இல் பிரெஞ்சுக்காரர் தோற்றுப் போனபின் அந்த ஸ்தானத்துக்கு இங்கிலாந்தே வந்து சேர்ந்தது.

போர்க் கடனை அடைக்க 1765-இல் பார்லிமெண்டு முத்திரை வரிச் சட்டம் செய்தது. பத்திரிகை, பத்திரம், உரிமச் சீட்டு, சீட்டுக்கட்டு ஆகிய யாவற்றுக்கும் முத்திரைத்தாள் வேண்டும். பத்திரிகைக்காரனையும் வக்கீலையும் ஒரே சமயத்தில் பகைத்துக்கொள்ளும் அரசு அறிவுள்ள அரசு ஆகாது. ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினர். நியூயார்க்குக்காரர், புதிய இங்கிலாந்துக்காரர் என்ற பேச்சே இக்கண்டத்தில் இருக்கக்கூடாது, நாம் அனைவரும் அமெரிக்கரே என்று அவ்வாண்டில் எழுதினார், அவர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் காட்ஸ்டன். பூர்வகுடிக்குரிய பெயரைக் குடியேறியவன் பெருமையோடு தனக்குச் சூட்டிக்கொண்ட நேரம் அதுவே எனலாம். அந்தக் காட்ஸ்டன் அடிமைகளை உடையவர் என்பதையும், பிற்காலத்தில் பல்லாயிரம் ஆப்பிரிக்கர் விற்பனைக்கு இறக்கப்பட்ட சார்லஸ்டன் துறைக்கு அவர் பெயரே இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

பெண்களின் பங்கை இங்கே சொல்லாமல் விடலாகாது. ஆங்கிலத் துணியைப் புறக்கணிப்பது என்று முடிவானதும் ராட்டினங்கள் சுழன்றன. பெண்கள் போட்டி வைத்து நூல் நூற்றார்கள். இறக்குமதித் தேயிலையை விட்டு உள்ளூர்ச் செடிகளின் இலையைக் காய்ச்சினார்கள். 1768-இல் ஹார்வர்டு மாணவர்கள் நாட்டுத் துணி உடுத்தியே பட்டம் பெற்றார்கள். கதர் உடுத்திய நாட்டார்க்கு இதன் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை.

தேயிலைக் கதை எல்லோரும் அறிந்தது. 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறையில் மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. அது சீனத் தேயிலை. அனுப்பியதோ நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி. அக்கம்பெனி ஏன் தேயிலையைத் தள்ளிவிடும் அவசரத்தில் இருந்தது? 1769-இல் ஹைதர் அலி சென்னையின் வாயிலுக்கே வந்து உடன்படிக்கை எழுதி வாங்கிய போர்ச் செய்தி எட்டியதும் லண்டனில் கம்பெனிப் பங்குகள் சரிந்தன; அடுத்த ஆண்டு வங்காளப் பெரும் பஞ்சம்; 1772-இல் லண்டனிலேயே கடன் நெருக்கடி. கிடங்கு நிறையத் தேயிலையும் கழுத்துவரை கடனுமாய் நின்ற கம்பெனியைக் கைதூக்கி விடவே தேயிலைச் சட்டம் வந்தது. வங்காளத்தை உறிஞ்சிய கம்பெனி இனி அமெரிக்காவின் மேல் கண் வைத்துவிட்டது என்று ஜான் டிக்கின்ஸன் அவ்வாண்டே எச்சரித்தார். பின்பு 1782-இல் டெலவேர் வளைகுடாவில் ஆங்கிலேயரின் ‘ஜெனரல் மங்க்’ கப்பலைச் சிறைபிடித்த பென்சில்வேனியக் கப்பலுக்கு ‘ஹைதர் அலி’ என்றே பெயர்.

தேயிலையைக் கொட்டச் சென்றவர்களில் பலர் முகத்தில் கரி பூசி, போர்வை போர்த்து, மோஹாக் செவ்விந்தியர் போல வேடம் பூண்டிருந்தனர். ஆளை மறைக்கும் வேடம் என்பது வெளிப்படை. ஆயினும், ஆங்கிலேயன் அல்லன் என்று காட்டிக்கொள்ள நினைத்தவனுக்கு அகப்பட்ட வேஷம், அவனுடைய முன்னோர் நிலத்தைப் பறித்த அந்தப் பூர்வகுடியின் வேஷமே.

அன்று மாசசூசெட்ஸ் கவர்னராயிருந்தவர் தாமஸ் ஹட்சின்ஸன். கப்பல்களைத் திருப்பி அனுப்ப மறுத்தவர் அவரே. தேயிலையை விற்க நியமிக்கப்பட்ட வர்த்தகர்களில் இருவர் அவருடைய புதல்வர்கள். ஊராரின் வெறுப்புக்கு அவரைவிட அதிகமாக ஆளானவர் இல்லை. அவர் அன்னியரும் அல்லர். 1711-இல் பாஸ்டனிலேயே பிறந்தவர். நாடு கடத்தப்பட்ட ஆன் ஹட்சின்ஸனின் வழிவந்தவர். மாசசூசெட்ஸின் வரலாற்றை அரும்பாடுபட்டு எழுதியவர். 1765-இல் முத்திரை வரிக் கலகத்தின்போது கூட்டம் புகுந்து அவர் வீட்டைச் சூறையாடிய இரவில், அந்த வரலாற்றுக் கையெழுத்துப் பிரதியும் தெருச் சேற்றில் வீசப்பட்டது. யாரோ பொறுக்கி எடுத்துக் கொடுத்தார்கள். அச்சட்டம் கூடாது என்பதே அவருடைய சொந்த அபிப்பிராயமாகவும் இருந்தது. எனினும் அரசர் ஆணைக்கு அடங்குவதே தர்மம் என்று நின்றார். எனக்கு அம்மனிதர்மேல் இரக்கம் உண்டாவதைத் தடுக்க முடியவில்லை.

1774 ஜூன் 1-ஆம் தேதி, பாஸ்டன் துறைமுகத்தை மூடும் சட்டம் அமலுக்கு வந்த அன்றே, அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ‘வீடு’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த நாட்டுக்குத்தான் சென்றார். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அழைத்துப் பேசினார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் அளித்தது. அந்த நாள் 1776 ஜூலை 4. பிலடெல்பியாவில் பிரகடனம் நிறைவேறிய அதே நாள். அந்தச் செய்தியை மறுநாள் முதன்முதலில் அச்சிட்டது பிலடெல்பியாவின் ஜெர்மன் மொழிப் பத்திரிகை என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

கௌரவங்கள் வந்தனவேயன்றி ஹட்சின்ஸனுக்கு லண்டன் ஒட்டவில்லை. யாரும் அவரிடம் யோசனை கேட்கவில்லை. பாஸ்டனுக்கு அருகே மில்டன் என்ற ஊரில் குன்றின்மேல் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அதன் தோட்டத்தையும் மரங்களையும் எண்ணி ஏங்கினார். பழைய இங்கிலாந்துப் பிரபுவின் மாளிகையில் சாவதைவிடப் புதிய இங்கிலாந்துக் கிராமத்து வீட்டில் சாவதையே விரும்புவதாக எழுதினார். அரசருக்காக ஊரை விட்டவருக்கு, ஊர் எது என்பது அங்கே போனபின்தான் தெரிந்தது. மில்டன் வீட்டைப் புதிய ஆட்சி பறிமுதல் செய்துவிட்டது. மகள் ஒருத்தி 1777-இல் இங்கிலாந்திலேயே இறந்தாள். 1780 ஜூன் 3-ஆம் தேதி அவரும் காலமானார். லண்டனுக்குத் தெற்கே குராய்டன் என்னும் ஊரில் அடக்கம் செய்தார்கள்.